முந்நூறு குதிரை பூட்டிய மோட்டார்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு பேரைப் பற்றிக் கேளாமல் திரும்ப முடியாது. ஒன்று தேசிங்கு ராஜன். மற்றொன்று அவன் குதிரை. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானுடன் போரிட்டு 1714-ஆம் வருஷம் இளம் பிராயத்திலேயே மாண்ட அந்த ராஜபுத்திர வீரனைச் சரித்திர ஆசிரியர்கள் சில பக்கங்களில் முடித்து விடுகிறார்கள். நம் நாட்டுக் கதைப்பாட்டு அப்படி விடவில்லை. டில்லி பாதுஷாவின் லாயத்தில் ஒருவராலும் அடக்க முடியாமல் நின்ற பாராசாரியை அவன் அடக்கி ஏறியதையும், அவனுடைய முஸ்லிம் தோழன் நீலவேணி என்னும் குதிரையின்மீது வந்து சேர்ந்ததையும் அது வாய் ஓயாமல் சொல்லுகிறது. அந்தக் குதிரைகள் காற்றாய்ப் பறந்தன என்று கேட்டு நம் பாட்டன்மார் பரவசப்பட்டார்கள். மணிக்கு எத்தனை மைல் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஏறக்குறைய இரு நூற்றைம்பது வருஷங்களுக்குப் பின்னர், அமெரிக்க தேசத்தில் வேறொரு வகைக் குதிரை மோகம் பிறந்தது. அங்கே பாட்டுக்குப் பதில் கணக்கு இருந்தது. எத்தனை குதிரைத்திறன், எத்தனை விநாடி, எத்தனை மைல் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அச்சிட்டன. இளைஞர்கள் அந்த எண்களை வாய்ப்பாடு போல் ஒப்பித்தார்கள். 1964 முதல் சுமார் பத்து வருஷ காலம் அந்நாட்டுச் சாலைகளை அதிரச் செய்த அந்த மோட்டார்களுக்கு ‘மஸில் கார்’ என்று பெயர். தமிழில் ‘பயில்வான் வண்டி’ என்று சொன்னால் பொருந்தும். இன்று அவை பொருட்காட்சிகளிலும் தனவந்தர்களின் கொட்டகைகளிலும் பளபளவென்று நிற்கின்றன. ஏலத்தில் அவற்றிற்குக் கிடைக்கும் விலை நம்மைத் திகைக்க வைக்கிறது. அவற்றின் வேகத்தைப் பற்றி வழங்கும் எண்களில் எது மெய், எது மிகை, எது மறைக்கப்பட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் குதிரைத்திறன் என்பது என்ன? நீராவி யந்திரத்தை விற்கப் புறப்பட்ட ஜேம்ஸ் வாட், ஆலைகளில் செக்குச் சுற்றும் குதிரைகளுடன் அதை ஒப்பிட்டுக் காட்டுவதற்காக வகுத்த அளவு அது. மெட்ரிக் கணக்கில் 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். நம்மவர்களுக்கு இதைவிட எளிதாக விளங்கும் கணக்கு வேறில்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அடுக்கிக் கிடக்கும் நெல் மூட்டையின் எடையும் அதே 75 கிலோதான்! ராஜகிரியின் உச்சி தரையிலிருந்து சுமார் 240 மீட்டர். ஆகவே, தொண்டூரிலிருந்தோ வல்லத்திலிருந்தோ வந்த ஒரு நெல் மூட்டையை ராஜகிரியின் அடியிலிருந்து உச்சிக்கு நேரே தூக்கிச் செல்ல, ஒரு குதிரைத்திறனுக்கு நாலு நிமிஷம் ஆகும்.

(உயிருள்ள குதிரை இந்த அளவுக்குள் அடங்குவதில்லை. நாள் முழுதும் உழைக்கும் குதிரை ஒரு குதிரைத்திறனைக்கூட எட்டாது; ஆனால் சில விநாடிகளுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பாயும்போது பத்துக்கு மேலும் தரவல்லது. பாராசாரிக்குக் குறைவு சொல்ல நமக்கு எண்ணமில்லை.)

நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அம்பாஸடர் காரை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் பழைய 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கு ஏறக்குறைய 50 குதிரைத்திறன். ஐம்பது மூட்டைகளை நாலு நிமிஷத்தில் உச்சிக்கு ஏற்றலாம். தாத்தா, பாட்டி, ஐந்து பேரப்பிள்ளைகள், கூரைமேல் படுக்கைச் சுருள் எல்லாவற்றுடனும் திருவண்ணாமலைத் தீபத்துக்குப் போய்வர அது போதுமானதாக இருந்தது. 1964-இல் வெளிவந்த போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற பயில்வானுக்கு 389 கன அங்குல எஞ்சின். அதாவது 6,300 கன சென்டிமீட்டருக்கு மேல். குதிரைத்திறன் 325. மூன்று கார்புரேட்டர்கள் பூட்டிக் கொண்டால் 348. அம்பாஸடர் ஐம்பது மூட்டை ஏற்றும் நேரத்தில் இது முந்நூற்று இருபத்தைந்து மூட்டைகளை ஏற்றிக் களஞ்சியத்தையே நிரப்பிவிடும்.

இந்த வண்டி பிறந்த விதமே ஒரு தந்திரக் கதை. நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை விதித்திருந்தது. போன்டியாக் பிரிவில் இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் பெரிய காருக்கு உரிய எஞ்சினைத் தூக்கி, டெம்பஸ்ட் என்னும் நடுத்தரக் காருக்குள் பொருத்தினார்கள். தனிக் கார் என்று அறிவித்தால் விதி குறுக்கே நிற்கும். ஆகையால், வேண்டுமென்று கேட்பவர்களுக்குக் கூடுதல் விலைக்குத் தரும் உபகரணம் என்று பட்டியலில் எழுதிவிட்டார்கள். ஐயாயிரம் வண்டி விற்றால் மேல் என்று கருதப்பட்டது. முதல் வருஷம் விற்றது 32,450. அதற்குமேல் விதியைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்?

விற்பனைக்குப் பெரிதும் உதவியது 1964 மார்ச்சு மாதத்து ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை. போன்டியாக் ஜி.டி.ஓ. அதே பெயர் கொண்ட இத்தாலிய ஃபெராரியை எதிர்த்து நிற்பது போல அதன் அட்டையில் சித்திரம் தீட்டியிருந்தார்கள். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் (96 கிலோமீட்டர்) வேகத்தை அடைய 4.6 விநாடி, கால் மைல் தூரத்தைக் கடக்க 13.1 விநாடி, அந்தக் கால் மைலின் கோடியில் வேகம் மணிக்கு 115 மைல். அமெரிக்கா முழுவதும் மூக்கின்மேல் விரலை வைத்தது. வேறு பத்திரிகைகள் கடையில் விற்ற வண்டியை ஓட்டிப் பார்த்தபோதோ, அதே 60 மைலுக்கு ஆறரை விநாடியிலிருந்து எட்டு விநாடி வரை ஆயிற்று. மர்மம் பல வருஷங்கள் கழித்தே வெளிப்பட்டது. போன்டியாக்கின் விளம்பரத்துக்குப் பொறுப்பாயிருந்த ஜிம் வாங்கர்ஸ் தம் சுயசரிதையில் உண்மையைச் சொல்லிவிட்டார்: சோதனைக்கு அனுப்பிய வண்டிக்குள் 389 அல்ல, 421 கன அங்குல எஞ்சின் இருந்தது! அட்டைப் படத்தில் கர்ஜித்த ஃபெராரியோ சோதனைக் களத்துக்கு வரவே இல்லை.

இப்படி மிகைப்படுத்தியது ஒரு பக்கம் என்றால், குறைத்துச் சொன்னதும் உண்டு. கிரைஸ்லர் கம்பெனியின் 426 ‘ஹெமி’ எஞ்சினுக்கு 425 என்றும், ஃபோர்டின் 428 ‘கோப்ரா ஜெட்’டுக்கு 335 என்றும் எழுதினார்கள். கோப்ரா ஜெட் அந்த எண்ணுக்கு மிக மேற்பட்டது என்பது பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எண் குறைந்திருந்தால் இன்ஷுரன்ஸ்காரர் முகம் சுளிக்கமாட்டார். பந்தயத்தில் இலேசான பிரிவிலும் இடம் கிடைக்கும். சரக்கின் தரம் மாறாமலே, வாங்க வருகிறவருக்கு ஒரு தராசும் வரி கேட்க வருகிறவருக்கு ஒரு தராசும் வைத்திருப்பது நம் பழைய கடைத்தெருக்களுக்கு மட்டும் உரிய வித்தை என்று நினைக்க வேண்டாம்.

அளக்கும் முறையிலேயே இன்னொரு சூட்சுமம் இருந்தது. 1971 வரையில் அமெரிக்கக் கம்பெனிகள் எஞ்சினை வண்டியிலிருந்து தனியே எடுத்து மேடைமேல் நிறுத்தி, விசிறி, காற்று வடிகட்டி, ஓசை அடக்கும் குழாய் முதலிய பாரங்களையெல்லாம் நீக்கிவிட்டு ஓட்டி, கிடைத்த எண்ணை விளம்பரம் செய்தன. 1972-இல் அந்தப் பாரங்களுடனேயே அளக்கும் முறை பொதுவாக வந்தது. முதல் நாள் 270 குதிரையாயிருந்த கார்வெட் வண்டியின் எஞ்சின் மறுநாள் 200 குதிரை ஆயிற்று. எழுபது குதிரைகள் லாயத்திலிருந்து ஓடிப்போகவில்லை; பெரும்பாலும் அவை முதலிலிருந்தே காகிதக் குதிரைகள்.

ஆயினும் இந்தப் பயில்வான்கள் வெறும் பொய்க்கால் குதிரைகள் அல்ல. 1970-ஆம் வருஷத்து ஷெவர்லே செவெல் வண்டியின் 454 கன அங்குல எஞ்சினுக்கு 450 குதிரைத்திறன் சொன்னார்கள். அதைச் சற்றுக் கழித்துப் பார்த்தாலும் மிச்சமிருப்பது பிரமாண்டம். அதே வருஷம் மார்ச்சு 24-ஆம் தேதி, டல்லடேகா என்னும் பந்தய வட்டத்தில், கூர்மூக்கும் வாலில் உயர்ந்த இறக்கையும் வைத்த டாட்ஜ் சார்ஜர் டேடோனாவை ஓட்டிய பட்டி பேக்கர் மணிக்கு 200.447 மைல், அதாவது 322 கிலோமீட்டருக்கு மேல் சென்றார். மூடிய வட்டத்தில் அந்த வகைக் கார் 200 மைலைக் கடந்தது அதுவே முதல் தடவை. வால் இறக்கை அழகுக்காக வைத்ததன்று. அத்தகைய வேகத்தில் காற்று வண்டியின் பின்புறத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். இறக்கை அதை அழுத்திப் பிடித்தது.

கடைத்தெரு வண்டிக்கு அத்தகைய உதவி ஏதுமில்லை. பெரிய எஞ்சின், கனத்த உடம்பு, ஆனால் மெல்லிய பாதம்! அக்காலத்து டயர்கள் ஒடுங்கியவை. ரப்பரும் இன்றைய தரத்தில் இல்லை. முழுப் பலத்தையும் ஒரே மிதியில் கொடுத்தால் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகையைக் கக்கின. இந்தப் புகையைக் கண்டு ரசித்தவர்கள் உண்டு. உண்மையில் அது சாலையைச் சேராமல் வீணாய்ப் போன குதிரைகளின் புகை. பெட்ரோலும் அப்படியே. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்பது நிதானமாக ஓட்டுகிறவரின் கணக்கு.

அமெரிக்கப் பெரிய கார்கள்மீது நம்மவர்க்கும் ஒரு காலத்தில் மோகம் இருந்ததுண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் குறுக்கே நின்றதால் அது பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பதோடு நின்றது. நடிகவேள் எம்.ஆர். ராதா தம்முடைய இம்பாலா காரில் வைக்கோல் ஏற்றினார் என்று ஒரு கதை தமிழ்நாட்டில் வழங்குகிறது. நடந்ததோ, ரசிகர்கள் கட்டியதோ, இம்பாலாவுக்கு நேர்ந்த உபயோகங்களில் அதைவிடப் பிரயோஜனமானது இருந்திராது என்பது நம் அபிப்பிராயம்.

வேகத்தைச் சோதிக்க அமெரிக்க இளைஞர்கள் எங்கே போனார்கள்? முதலில் நடுத்தெருவில்தான். ஒரு விளக்குக் கம்பத்தில் புறப்பட்டு அடுத்த விளக்குக் கம்பம் வரையில் பந்தயம். உயிர்ச்சேதம் மிகுந்தது. அவர்களைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தி, ஒழுங்கான தளத்தில் விதிகளுடன் ஓடச் செய்ய வேண்டுமென்று 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் ஒரு தேசிய சங்கத்தைத் தொடங்கினார். உலக மகாயுத்தத்துக்குப் பின் உபயோகமின்றிக் கிடந்த விமானத் தளங்கள் அதற்கு வாய்ப்பாக அமைந்தன. கால் மைல் நேர் ஓட்டம் உலகப் பிரசித்தியானது அங்கிருந்துதான்.

நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் இதே கதைதான். யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று சமாதான காலத்தில் மோட்டார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டது. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களைப் பார்க்கப் பட்டணத்து ஜனங்கள் திரண்டு போனார்கள். அங்கே ஓடியவற்றுள் பெரும்பாலானவை முந்நூறு குதிரை வண்டிகள் அல்ல. நம் தெருவில் ஓடிய ஃபியட்டும் ஹெரால்டுமே. அவற்றைக் கழற்றி, இழைத்து, இலேசாக்கி, சீறும்படி செய்தார்கள் நம் மெக்கானிக்குகள். இருக்கிற சிறு யந்திரத்திலிருந்து கடைசித் துளி பலத்தையும் பிழிந்தெடுத்த அந்தக் கைத்திறனை, அளவற்ற பெட்ரோலும் அளவற்ற இரும்பும் இருந்தவர்களுடைய சாதனையைவிட நாம் ஒரு படி மேலாகவே மதிக்கிறோம். பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் அமைந்தது. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனதற்குப் பின்னால் இந்தப் பரம்பரை முழுவதும் நிற்கிறது.

எந்த விளம்பரத்திலும் முன்னால் வராத ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. ஓடத் தொடங்கியது நிற்க வேண்டுமே! 1964-ஆம் வருஷத்து ஜி.டி.ஓ.வுக்கு நாலு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே. முன்சக்கர டிஸ்க் பிரேக், கூடுதல் பணம் கொடுப்பவர்க்கு மட்டும், 1967-இல்தான் வந்தது. நம் நெல் மூட்டைக் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். 1,600 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் சக்தி, இரண்டேகால் மூட்டையை ராஜகிரி உச்சிக்கு ஏற்றப் போதுமானது. வேகத்தை 160 ஆக்கினால் இரண்டு மடங்கு என்று மனம் நினைக்கும். கணக்கோ நாலு மடங்கு என்கிறது. ஒன்பது மூட்டை! சில விநாடிகளில் அவ்வளவும் நாலு பிரேக்குகளில் வெப்பமாக மாறித் தீர வேண்டும். மூடிய டிரம்முக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும், பிடிப்புத் தளரும், இரண்டாம் முறை மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நில்லாது.

1966 முதல் பல வருஷங்கள் அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுதோறும் ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். எல்லாப் பழியையும் பயில்வான் வண்டிகளின்மேல் போடுவது நியாயமாகாது. ஆனாலும் இன்ஷுரன்ஸ் கம்பெனிகள் இளைஞர்களுடைய பயில்வான் வண்டிகளுக்குக் கட்டணத்தை ஏற்றின. 1970-இல் காற்றைச் சுத்தமாக வைக்கும் சட்டம் வந்தது. ஈயம் கலவாத பெட்ரோலுக்காக எஞ்சின்களின் அழுத்தம் குறைக்கப்பட்டது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தவே, பெட்ரோல் கடை வாசலில் வரிசை நின்றது. 1974-உடன் ஜி.டி.ஓ. மறைந்தது. பழைய பெயர்களில் தப்பிப் பிழைத்தவற்றுள் ஃபோர்டு மஸ்டாங் முக்கியமானது. 2016-இல் அது நம் நாட்டிலும் முறையாக விற்பனைக்கு வந்தது. ஃபோர்டு தொழிற்சாலை மறைமலைநகரிலேயே இருந்தும் மஸ்டாங் மட்டும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறித்தான் வந்தது.

பழங்கதை இத்துடன் தீர்ந்தது என்று புரட்டிவிட நமக்கு மனம் வரவில்லை. 2022-ஆம் வருஷம் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சர்க்கார் அறிக்கை கூறுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாட்டில் நேர்ந்த மரணங்களில் பத்துக்கு ஏழு, மிகை வேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. முந்நூறு குதிரை வண்டிகளா நம் சாலைகளில் ஓடுகின்றன? நூறு குதிரைகூட இல்லாத குடும்பக் கார்களே மிகுதி. 1964-இல் பயில்வானுக்கு இருந்த வேகம் இன்று சாதாரணக் காருக்கும் எளிதில் வந்துவிடுகிறது. அதிர்ச்சியும் இரைச்சலும் இல்லாமல் வருவதால் ஓட்டுகிறவருக்கே தெரிவதில்லை.

ஆதலால் கார் வாங்கப் போகும் குடும்பத்தார் கடைக்காரரிடம் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் டயரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் கேட்பது நலம். அவசரமாக மிதிக்கும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். என்ற ஏற்பாடு, 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிற்கும் கட்டாயம். பழைய காரை வாங்குகிறவர்கள் அது உண்டா என்று விசாரிக்க வேண்டும். ஆறு வருஷத்து டயர் பார்வைக்குப் புதிதாயிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கலாம். அதன் பக்கவாட்டில் உற்பத்தியான வாரமும் வருஷமும் நாலு இலக்கங்களில் அச்சிடப்பட்டிருக்கும்.

எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் ஒரு கணக்கு மாறாது. உலர்ந்த நல்ல சாலையில், ஆபத்தைக் கண்டு காலை எடுத்து வைக்க ஒரு விநாடி என்று வைத்துக் கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நிற்க ஏறக்குறைய 37 மீட்டர் வேண்டும். 120-இல் அது 114 மீட்டர். அறுவடைக் காலத்து இரவில் திண்டிவனம் – செஞ்சி சாலையில் தொண்டூர்ப் பக்கத்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பின்விளக்கு எரியாமல் ஒரு டிராக்டர் ஊர்ந்து போகிறது. தாழ்த்திய முன்விளக்கில் அது கண்ணுக்குத் தெரிவது சுமார் 50 மீட்டர் தூரத்தில். அறுபதில் வருகிறவர் பதின்மூன்று மீட்டர் இடைவெளி விட்டு நின்றுவிடுவார். நூற்றிருபதில் வருகிறவர் பிரேக்கை முழுவதும் மிதித்திருந்தும், டிராக்டரைத் தொடும் கணத்தில் அவருடைய வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறைந்திராது. அந்த டிராக்டரின் பின்பலகையில் ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்பு ஒட்டுத்தாள் இரண்டு முழம் ஒட்டியிருந்தால், அது வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். செஞ்சிக் கடைத்தெருவில் அதன் விலை சொற்பம்.